பேர் கூப்பிடும் அத்தியாயம்

பெருமாநல்லூரில் சின்னத்தாய் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு அந்த வருஷம் ஐரோப்பா ஆர்டர் இரண்டு மடங்காக வந்தது. தையல் லைன்களைக் கூட்டியதில் செக்கிங் பிரிவுக்கு இடமில்லாமல் போயிற்று. பின்பக்கம் பூட்டியே கிடந்த பழைய பஞ்சு குடோனைத் திறந்து, வெள்ளையடித்து, டியூப் லைட் மாட்டி, மேசைகளைப் போட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் செக்கிங் பெண்கள் பதினோரு பேரும் தண்ணீர் பாட்டிலையும் டிபன் டப்பாவையும் தூக்கிக்கொண்டு அங்கே இடம் மாறினார்கள்.

உள்ளே காலை வைத்ததுமே பருத்திக்கொட்டையின் சிக்கு வாடை அடித்தது. புதுச் சுண்ணாம்பு வாடையால் அதை மறைக்க முடியவில்லை. கூரை எங்கேயோ உயரத்தில் இருந்தது. ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே, துண்டு அகலத்துக்கு நாலே நாலு. பன்னிரண்டு வருஷம் தையல் மெஷின்களின் இரைச்சலில் இருந்துவிட்ட சின்னத்தாய்க்கு அந்த அமைதி ஒரு மாதிரியாக இருந்தது. யாரும் சொல்லாமலே எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

சின்னத்தாய்க்கு நாற்பத்திரண்டு வயது. விளாத்திகுளம் பக்கத்துக்காரி. புருஷன் செத்த மறுவருஷம், ஏழு வயது மகள் ஆஷாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறியவள். இப்போது ஆஷாவுக்குப் பத்தொன்பது. அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். துணியில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடித் தேடி அம்மாவின் கண் சாயங்காலத்தில் எழுத்தையே பார்க்க மறுக்கிறது என்று தெரிந்து, அவள்தான் அம்மாவின் போனில் ஆடியோ புத்தகம் கேட்கும் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். கதைக்குப் பஞ்சமில்லாமல் போனதில் சின்னத்தாய்க்குப் பொழுது இலகுவாகிவிட்டது. கை துணியைப் புரட்டும், கண் கறையைத் தேடும், காது கதையோடு போகும்.

சூப்பர்வைசர் குமாரவேல் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். உள்ளூர்க்காரர், அவளைவிட நாலைந்து வயது இளையவர். ஒரே ஒரு நாள் மட்டும் மேசை பக்கத்தில் வந்து நின்று, "ஏனுங்க்கா, கதை கேக்கறதுன்னா கேளுங்க. ஒரு காதை எனக்கு உட்டுருங்க. கூப்பிட்டா உழுகோணுமில்ல" என்றார்.

அப்படித்தான் இடது காது குமாரவேலுக்கும் வலது காது கதைக்குமாகப் பிரிந்தது.

அந்த வாரம் அவள் கேட்டுக்கொண்டிருந்தது 'முப்பத்தாறு தலை' என்ற சரித்திர நாவல். தாது வருஷப் பஞ்சத்தில் தெற்கத்திக் கரிசல் ஊர்களிலிருந்து ஒரு கங்காணி முப்பத்தாறு பேரைத் திரட்டுகிறான். வெள்ளைக்காரத் துரையின் காப்பித் தோட்டத்துக்கு. கடற்கரை வரை நடை, அப்புறம் தோணி, அந்தப் பக்கம் மன்னாரிலிருந்து கண்டி மலை வரை காட்டுவழியில் மறுபடி நடை. இரண்டு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போகிறான். கங்காணி அவர்களை ஆள் என்று சொல்லமாட்டான், தலை என்பான். அவன் இடுப்பில் ஒரு கயிறு. ஒரு தலைக்கு ஒரு முடிச்சு. அந்தக் கயிற்றால் யாரையும் கட்டவில்லை. கட்டாமலே அவர்கள் அவன் பின்னால் நடந்தார்கள், பசி அவ்வளவு. தப்பி ஓடியவனைத் துரையின் ஆட்கள் பிடித்து வந்து என்ன செய்தார்கள் என்று ஒன்பதாம் அத்தியாயத்தில் வந்தபோது சின்னத்தாய் கையில் இருந்த பீஸைக் கீழே வைத்துவிட்டாள். கதையில் வந்த ஊர்ப் பெயர்களில் பாதி அவளுக்குத் தெரிந்தவை.

வாசித்தவள் ஒரு இளம்பெண். நிதானமான, ஈரமான குரல்.

பதினோராம் அத்தியாயம் அந்தத் திங்கட்கிழமை மூன்று மணிக்கு வந்தது. டீ இடைவேளை. மற்றவர்கள் வெளியே வேப்பமரத்தடிக்குப் போயிருந்தார்கள். சின்னத்தாய் மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள். கடற்கரையில் தோணி நிற்கிறது. ஏற்றுவதற்கு முன் கங்காணி பெயர் கூப்பிடுகிறான். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் பதில் சொல்லித் தோணியில் ஏறுகிறார்கள்.

மூக்கன் மகன் சுப்பன். இருக்கேன்ய்யா.

கருப்பன் மகன் ஒண்டிவீரன். இருக்கேன்ய்யா.

அந்தப் பெண் எல்லாப் பெயரையும் விடாமல் வாசித்தாள். கேட்கக் கேட்கச் சின்னத்தாய் தன்னை அறியாமல் விரல் மடக்கி எண்ணினாள். முப்பத்தாறாவது ஒரு பெண், மாடத்தி. அவளும் ஏறிவிட்டாள்.

"வெயிலான் மக இருளாயி."

அது முப்பத்தேழாவது.

பதில் இல்லை. போன் நின்றுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏழெட்டு விநாடிக்குக் காற்று மட்டும் அடித்தது. அப்புறம் கதை தொடர்ந்தது, தோணி கிளம்பியது.

எழுத்தாளர் எண்ணிக்கையில் தவறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அவள் அடுத்த பண்டிலைப் பிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாம் அத்தியாயம். கடலில் புயல். நடுக்கடலில் தோணி திணறிக்கொண்டிருக்கும்போதே, எந்தச் சம்பந்தமும் இல்லாமல், மூக்கன் மகன் சுப்பன் என்று ஆரம்பித்தது. தெரியாமல் கை பட்டுப் பழைய அத்தியாயத்துக்குப் போய்விட்டதென்று நினைத்தாள். திரையில் பன்னிரண்டு என்றுதான் இருந்தது. மணி மூன்று.

புதன்கிழமை பதின்மூன்றாம் அத்தியாயத்தில் மறுபடி. அதே மூன்று மணி. அதே பெண் குரல்தான், ஆனால் நாக்கு வறண்டவள் பேசுவது போல இருந்தது. இருளாயிக்குப் பின்னால் வந்த மௌனம் அரை நிமிஷத்துக்கு மேல் நீண்டது. இந்தத் தடவை அதற்குள்ளே ஒரு சத்தம். கயிறு ஒன்று மெதுவாக, மிக மெதுவாக, விரல்களுக்கிடையே நழுவும் சத்தம்.

சின்னத்தாய் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினாள். வெளியே போய் வெயிலில் நின்றாள்.

அன்று ராத்திரி மகளிடம் சொன்னாள். ஆஷா சிரித்தாள். ஃபைல் கெட்டுப்போயிருக்கும், நாளைக்கு நான் வந்து பார்க்கிறேன் என்றாள்.

வியாழக்கிழமை டீ இடைவேளைக்கு ஆஷா குடோனுக்கு வந்தாள். காலையிலிருந்து விடாத வேலை, சோர்ந்து போயிருந்தாள். துணி மூட்டையில் சாய்ந்து, அம்மாவின் மடியில் தலையை வைத்து, ஒரு காதில் மாட்டிக்கொண்டாள். மறு காது அம்மாவுக்கு. பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. பாதியிலேயே ஆஷாவின் கண் செருகிவிட்டது. தூங்கிவிட்டாள் என்று நினைத்துச் சின்னத்தாய் அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"வெயிலான் மக இருளாயி."

காற்று. கயிறு.

"இருக்கேன்ய்யா" என்றாள் ஆஷா.

கண் மூடியபடியே சொன்னாள். தூக்கத்தில் உளறுகிற குரல் இல்லை. கூப்பிட்டவருக்குப் பயந்து, மரியாதையாகச் சொன்ன பதில்.

காதுக்குள் கயிறு நின்றது. யாரோ நீண்ட நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்கள். அந்த மூச்சின் சூடு சின்னத்தாயின் காது மடலில் பட்டது.

அவள் மகளை உலுக்கி எழுப்பினாள். ஆஷா எழுந்து, ஒன்றும் சொல்லாமல், தன் லைனுக்கு நடந்து போனாள். அவளுடைய செருப்பு, துணி மூட்டை ஓரத்திலேயே கிடந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆஷா ஒரு குடம் தண்ணீரை முக்கால்வாசி குடித்தாள். சோறு கேட்கவில்லை. கஞ்சி இருக்கா என்றாள். திருப்பூரில் வளர்ந்த பெண், கஞ்சி என்றாலே முகம் சுளிப்பவள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. தோளைத் தொட்டால் மட்டும் திடுக்கிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தாள் சின்னத்தாய். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு லைனிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து, ஆஷா மெஷினை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் போய்க் கை கட்டி நிற்கிறாள் என்று சொன்னாள். போய்ப் பார்த்தபோது வாட்ச்மேன் அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு முன்னால் நிற்கும் ஒருவரின் பிடரியைப் பார்ப்பதுபோல.

முன்னால் யாரும் இல்லை.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கம்பெனிக்கு வந்தார்கள். பத்து மணிக்குத்தான் ஆஷாவின் மெஷின் காலியாகக் கிடப்பது தெரிந்தது. போன் மேசைமேல் இருந்தது. கேட் கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். எட்டேகாலுக்கே வெளியே நடந்து போயிருந்தாள். குமாரவேல் பைக்கை எடுத்துக்கொண்டு அவிநாசி ரோடு, பெருமாநல்லூர் நால்ரோடு, பஸ் ஸ்டாண்டு எல்லாம் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். இரண்டேகாலுக்குக் கம்பெனி நம்பருக்கு ஒரு போன். பொங்கலூரிலிருந்து ஒரு டீக்கடைக்காரர். கழுத்தில் உங்கள் கம்பெனி அட்டை மாட்டிய ஒரு பெண் செருப்பில்லாமல் நடந்து போகிறது, கூப்பிட்டால் நிற்கவில்லை என்றார்.

முப்பது கிலோமீட்டர் இருக்கும். சின்னத்தாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கை ஓட்டும்போது குமாரவேல் இரண்டு தடவை அந்தத் தூரத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பொங்கலூர் தாண்டித் தாராபுரம் ரோட்டில் அவளைப் பார்த்தார்கள். தார் ரோட்டில் ஏறாமல் ஓரத்துப் புழுதியில் நடந்துகொண்டிருந்தாள். தலைக்கு மேலே வெயில் கொளுத்தியது. வலது கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கியிருந்தாள். முன்னால் போகிறவரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போகிறவள் மாதிரி. சின்னத்தாய் ஓடிப்போய் வழியை மறித்து நின்றாள். ஆஷா அவளைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. பாதங்கள் இருந்த நிலையைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

"ஆஷா. எங்கட்டி போற?"

ஆஷா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கிசுகிசுத்தாள். "பேசாதீக. பின்னால வாரவரு அடிப்பாரு."

"முன்னால யாரு போறா?"

"மாடத்தி அக்கா. இன்னும் ஏழு நாள் நடந்தா கடலு வந்துருமாம்."

அவள் ஒருநாளும் பேசாத தெற்கத்திப் பேச்சு அது. சின்னத்தாய் பேசி மறந்துபோன பேச்சு.

குமாரவேல் வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து புழுதியைப் பார்த்தார். ஆஷா நடந்துவந்த தடத்தைப் பார்த்தார். அதற்கு முன்னாலும் பின்னாலும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏறுங்க்கா" என்றார் மெதுவாக. "திரும்பிப் பாக்காம ஏறுங்க."

மூன்று பேராகத் திருப்பூர் வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பில் நீர்ச்சத்து இல்லை, வெயில் தாக்கியிருக்கிறது என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாதங்களுக்குக் கட்டுப் போட்டார்கள். கட்டுப் போட்ட நர்ஸ், விரலிடுக்கிலிருந்து எடுத்த மணலைத் தட்டில் தட்டிவிட்டு, கடற்கரைக்குப் போயிருந்தீர்களா என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆஷா ஊசியோடு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கை கட்டினாள். சின்னத்தாய் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். வார்டில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் ஆஷாவின் உதடுகள் அசைந்தன. ஒவ்வொரு பெயருக்கும் காத்திருப்பதுபோல அவள் மூச்சு நின்று நின்று வந்தது. கடைசியில் அவள் பதில் சொன்னபோது கையில் குத்தியிருந்த ஊசியைச் சுற்றி ரத்தம் பொங்கியது.

அன்றே சின்னத்தாய் அந்த ஆப்பில் இருந்த நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள். மூன்று பேர் மாறி மாறிப் பேசி, கடைசியில் அந்த நாவலை வாசித்த பெண்ணின் நம்பரைக் கொடுத்தார்கள். யாழினி, கோயம்புத்தூர்.

போனை எடுத்ததும் கேட்ட குரல் அதேதான். சின்னத்தாய் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள்.

"நான் முப்பத்தாறு பேர்தாம்மா படிச்சேன்" என்றாள் யாழினி. "புத்தகத்துல முப்பத்தாறுதான் இருக்கு. இருளாயின்னு அதுல யாருமே இல்லை."

"நான் கேட்டேன் தாயி. எம்மகளும் கேட்டா."

"தெரியும். நீங்க மூணாவது ஆளு."

முதலில் யாழினிக்குப் போன் செய்தவர் சேலத்துக்காரராம். பயந்துபோய் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது ராஜபாளையத்துக்காரர் ஒருவர். இருளாயி பெயருக்கு அவர் மனைவி பதில் சொல்லிவிட்டார். ஒரு வாரம் கழித்து யாழினி திரும்பக் கூப்பிட்டபோது, மனைவியைக் காணவில்லை, தேடிக்கொண்டு ராமநாதபுரம் பக்கம் போகிறேன் என்றாராம். அதன் பிறகு அவருடைய போன் எடுக்கப்படவில்லை.

அதிகம் படிக்காத மனுஷிதான் என்றாலும், கதை கேட்டுக் கேட்டுப் பழகிய சின்னத்தாய் ஒரு கேள்வி கேட்டாள். கதையில் அந்தக் கங்காணியின் கையிலிருந்து யாராவது தப்பினார்களா?

யாழினி புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். பத்தொன்பதாம் அத்தியாயம் என்று சொல்லிவிட்டு, போனிலேயே வாசித்துக் காட்டினாள். மன்னார்க் காட்டுவழியில் பேதி கண்டு ஆட்கள் விழுகிறார்கள். விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு மற்றவர்கள் நடக்கிறார்கள். பொழுது சாயும்போது கங்காணி பெயர் கூப்பிடுவான். வராதவருக்காகக் கூட இருந்த யாராவது ஒருவர், செத்துப்போச்சு என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் முடிச்சை அவிழ்த்துவிடுவான். சொல்ல ஆளில்லாவிட்டால் அந்தத் தலையை அவன் விடமாட்டான். தினமும் கூப்பிடுவான்.

"அந்தப் பொண்ணுக்குச் சொல்ல ஆளில்லை போலம்மா" என்றாள் யாழினி. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பெருமாநல்லூரில் அவர்கள் குடியிருந்தது ஒற்றை அறை. மகளை அங்கே தனியாக விடப் பயந்து சின்னத்தாய் குமாரவேலுக்குப் போன் போட்டு லீவு கேட்டாள். குமாரவேல் சற்று யோசித்துவிட்டு, குடோனுக்கே கூட்டி வந்துவிடச் சொன்னார். துணி மூட்டை மேல் படுத்திருக்கட்டும், நாலு பேர் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்றார். புழுதியில் எதைப் பார்த்தார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆஷா கட்டுப்போட்ட கால்களோடு மூட்டைகளின் நடுவே படுத்துக்கிடந்தாள். சின்னத்தாய் தன் முந்தானையை மகளின் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். அவள் போனை வீட்டிலேயே அணைத்து வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்த ஆப்பையும் எடுத்தாயிற்று.

மூன்று மணிக்கு மணி அடித்தது. பெண்கள் டீக்குப் போனார்கள். குமாரவேல் மட்டும் வாசல் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

கரண்ட் போயிற்று.

டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முன்பக்கத்துக் கம்பெனியின் மெஷின்கள் அடங்கின. ஃபேன்கள் சுற்றிச் சுற்றி நின்றன. நாலு ஜன்னல்களிலிருந்தும் வந்த வெளிச்சம் கூரைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. கீழே மேசைகள் இருந்த இடத்தில் கருக்கல்.

முதலில் வாடை மாறியது. பருத்திக்கொட்டை வாடை போய், உப்பு, ஈரப் பனையோலை, பல நாள் குளிக்காத மனிதர்களின் வியர்வை.

அப்புறம் குரல்.

"மூக்கன் மகன் சுப்பன்."

அது யாழினியின் குரல் இல்லை. ஆண் குரல். வெற்றிலை குதப்பிய வாய். சலிப்பான, அவசரமில்லாத குரல்.

"இருக்கேன்ய்யா."

பதில் பண்டில்கள் அடுக்கிய மூலையிலிருந்து வந்தது.

அடுத்த பெயருக்கு அடுத்த மூலை. அதற்கடுத்ததற்கு மேசைக்கு அடியில். கிழவன் குரல், வாலிபன் குரல், இருமிக்கொண்டே பதில் சொன்ன ஒரு பெண், யாரோ சொல்லிக் கொடுக்கப் பதில் சொன்ன ஒரு குழந்தை. சின்னத்தாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆட்கள் நின்றார்கள். யாரும் தெரியவில்லை. அவர்கள் கால் மாற்றி நிற்கும் சத்தம் சிமெண்டுத் தரையில் மணல் நெரிபடுவதுபோலக் கேட்டது. ஸ்டூல் கீழே விழுந்தது. குமாரவேல் சுவரோடு ஒட்டி நிற்பது மங்கலாகத் தெரிந்தது.

மாடத்தியின் பதில் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"வெயிலான் மக இருளாயி."

ஆஷா எழுந்து உட்கார்ந்தாள்.

சின்னத்தாய் அவள் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். மெலிந்துபோன பெண்ணுக்கு எங்கிருந்து அந்த பலம் வந்ததோ, திமிறினாள். பல் சின்னத்தாயின் உள்ளங்கையில் இறங்கியது. எலும்பு வரை இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. காலையிலிருந்து அதை மனசுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். மடியில் மகள் உயிரோடு துடிக்கும்போது அது வாயில் வரவில்லை. கயிறு நழுவ ஆரம்பித்தது. நெருங்கி வந்தது.

"செத்துட்டா" என்றாள் சின்னத்தாய். "இருளாயி செத்துட்டாய்யா. வழியிலயே செத்துட்டா."

கயிறு நின்றது.

"யாரு சொல்றது?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. யாழினி வாசித்ததில் அது இல்லை. எதிரில் நின்றவன் காத்திருந்தான். அவன் குனிவது தெரிந்தது. வெற்றிலை வாடை முகத்தில் அடித்தது. பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சின்னத்தாய், சின்னமுத்து மகள் சின்னத்தாய். அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கு அந்தக் கணத்தில் புரிந்தது. அவன் கேட்பது சாட்சி இல்லை. அவனுக்கு இன்னொரு பெயர் வேண்டும்.

அவள் மகளை நெஞ்சோடு இறுக்கினாள்.

"ஆத்தா சொல்றேன். பெத்த ஆத்தா. எம் பிள்ளையை நானே மண்ணள்ளிப் போட்டு மூடிட்டு வந்தேன். அவளை இனிமே கூப்பிடாதீக."

இருட்டில் யாரும் அசையவில்லை. எங்கேயோ ஒரு பெண் விம்மினாள். வயசான குரல், எத்தனையோ காலமாகச் சொல்ல முடியாததை வேறு யாரோ சொல்லக் கேட்டவளின் விம்மல்.

பிறகு கயிற்றின் முடிச்சொன்று அவிழும் சின்னச் சத்தம்.

லைட்டுகள் எரிந்தன. ஃபேன்கள் சுற்றின. முன்பக்கம் மெஷின்கள் இரைந்தன. ஆஷா அம்மாவின் கையிலிருந்து வாயை எடுத்து, அதில் வழிந்த ரத்தத்தைப் பார்த்து, "ஏம்மா, என்னாச்சு?" என்றாள். கோயம்புத்தூர்ப் பக்கத்து இழுப்போடு, தன் சொந்தக் குரலில்.

குமாரவேல் வாசலைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் வாந்தி எடுத்தார்.

உள்ளங்கைக்கு ஆறு தையல் போட்டார்கள். ஆஷாவுக்கு வியாழக்கிழமை டீ இடைவேளைக்குப் பிறகு எதுவும் நினைவில்லை. பாதங்கள் ஆற மூன்று வாரம் ஆயிற்று. சின்னத்தாய் யாழினியைக் கூப்பிட்டு, சொல்ல வேண்டிய வார்த்தையையும், கேட்டாலும் சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்பதையும் விவரமாகச் சொல்லி, ராஜபாளையத்துக்காரருக்குத் தெரிவிக்கச் சொன்னாள். அவர் போன் இன்னும் எடுக்கப்படவில்லை. பதினோராம் அத்தியாயத்தை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று யாழினி ஒரு மாதம் கழித்துச் செய்தி அனுப்பினாள்.

சின்னத்தாய் அதன் பிறகு எதையும் காதில் மாட்டவில்லை. இரண்டு காதும் குமாரவேலுக்குத்தான்.

தை மாதத்தில் ஆர்டர் இன்னும் ஏறியது. ஊருக்குப் போன பெண்கள் சிலர் திரும்பவில்லை. ஏஜெண்ட் ஒருவர் ஜார்க்கண்டிலிருந்து இருபது பேரை ரயிலில் கூட்டி வந்து ஹாஸ்டலில் விட்டார். அவர்களில் பூல்மணி என்ற பெண் சின்னத்தாயின் மேசைக்கு வந்தாள். இருபது வயது இருக்கும். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கறையைக் காட்டி, ஓட்டையைக் காட்டி, நூல் பிசிறை வெட்டக் காட்டி, எல்லாம் சைகையில்தான். நல்ல பிள்ளை. மூன்று மாதத்தில் திரும்பி விடலாம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்களாம்; இந்தி தெரிந்த ஆஷா கேட்டுச் சொன்னாள்.

வந்த பத்தாம் நாள், டீ இடைவேளை. எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். சின்னத்தாய் கடைசிப் பண்டிலை முடித்துவிட்டு எழலாம் என்றிருந்தாள். எதிரில் பூல்மணி நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போன் கிடையாது. குடோனில் ஒரு சத்தமும் இல்லை.

பூல்மணியின் கை நின்றது. யாரோ கூப்பிட்டதுபோல வாசல் பக்கம் தலையைத் தூக்கினாள். கத்திரியை மேசைமேல் வைத்தாள். எழுந்து நின்று, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, அச்சு அசலாகத் தெற்கத்திப் பேச்சில் சொன்னாள்:

"இருக்கேன்ய்யா."